திரையில் போட்டால் என் கார்ட்டூனுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை?

கேள்வி: மதுரையில் இருக்கும் கார்ட்டூனிஸ்ட் நான். வீட்டுவேலை, ஆபீஸ், டவுன் பஸ், புகுந்த வீடு என்று பெண்களின் அன்றாடத்தை ஒரு வார இதழுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வரைகிறேன். படங்களுக்கு நல்ல வரவேற்பு. போன மாதம் ஒரு சங்கத்தின் குடும்ப விழாவில் அவற்றைத் திரையில் போட்டுப் பேசினேன். படங்களுக்குச் சிரிப்பே இல்லை. நடுவில் மாமியாரைப் பற்றிப் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிக்கு மட்டும் ஆண்கள் பக்கம் பலத்த சிரிப்பு. பெண்கள் பக்கம் கப்சிப். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "ஆம்பளைங்க படுற பாட்டை வரைய மாட்டீங்களாம்மா?" என்றார். பதில் வரவில்லை, குரல் நடுங்கிவிட்டது. மார்ச் 8 மகளிர் தினத்தை ஒட்டி ஒரு மகளிர் கல்லூரியில் 20 நிமிடம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதே வாரம் மேலூர் பக்கம் ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டம்; அங்கே திரை கிடையாது. எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இதழில் சிரிக்கவைக்கிற படம் திரைக்கு வந்ததும் கெட்டுப்போகாது. கோளாறு நேரத்தில் இருக்கிறது. இதழில் கார்ட்டூன் பார்க்கிறவர் தன் வேகத்தில் பார்க்கிறார். கண் முதலில் முகத்துக்குப் போகும், பிறகு பலூனுக்கு (வசனம் எழுதும் வட்டம்), பிறகு மூலையில் நீங்கள் ஒளித்துவைத்த சின்ன விஷயத்துக்கு, அங்கிருந்து மறுபடி முகத்துக்கு. அந்தக் கடைசித் திரும்பலில்தான் சிரிப்பு வரும். அதற்கு மூன்று, நான்கு விநாடி வேண்டும். மேடையேறும் ஓவியர்கள் அந்த விநாடிகளைத்தான் தின்றுவிடுகிறார்கள். படம் வந்ததுமே "இதுல பாத்தீங்கன்னா, ஒரு அம்மா அடுப்படியில நிக்கிறாங்க" என்று தொடங்கிவிடுகிறார்கள். கண் ஒன்றைப் படிக்கிறது, காதில் வேறொன்று விழுகிறது, இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கண்ணெதிரே இருப்பதை விளக்கினால் யாருக்கும் சிரிப்பு வராது. படத்துக்கு முன்னால் பேசுங்கள். படம் வந்ததும் வாயை மூடுங்கள். சிரிப்பு இறங்கும்போது பேசுங்கள். மீதியெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

ஒரு படத்தை எடுத்து முழுசாகப் பார்த்துவிடலாம். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கணவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நீ உக்காரு, நான் சமைக்கிறேன்" என்கிறார். இரண்டாவதில் மனைவி சோபாவில் இருக்கிறாள்; அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வருகிறது: "ஏம்மா, கடுகு எங்க?" மூன்றாவதில் இருவரும் அடுப்படியில். அவள் விரல் அவர் கையையே காட்டுகிறது. கையில் கடுகு டப்பா.

இதை அப்படியே ஒரே ஸ்லைடில் போட்டால் முடிந்தது கதை. அரங்கம் முழுக்கக் கண் மூன்றாவது கட்டத்துக்கு ஓடிவிடும், நீங்கள் முதல் கட்டத்தில் பேசிக்கொண்டிருப்பீர்கள். கட்டத்துக்கு ஒரு ஸ்லைடாக வெட்டுங்கள். திரை கறுப்பாக இருக்கும்போதே, "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுப் பக்கத்துல எல்லாப் பொம்பளைக்கும் லீவு" என்று ஒரு வரி. பிறகு முதல் கட்டம், பேச்சில்லாமல் இரண்டு விநாடி. இரண்டாவது கட்டத்தில் பலூனை அழித்துவிடுங்கள். அந்தக் குரல் நீங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிற தொனியில், "ஏம்மா... கடுகு எங்க?" ஒரு மூச்சு விடுங்கள். "இதுல சீரகம் எது, சோம்பு எது?" இன்னொரு மூச்சு. "குக்கர் எத்தனை விசிலு?" மூன்றோடு நிறுத்துங்கள். நாலாவது கேள்விக்குள் அரங்கம் வாய்பாட்டைப் பிடித்துவிடும், சிரிப்பு தொய்யும். அடுத்து மூன்றாவது கட்டத்தைப் போட்டு, மனசுக்குள் நாலு வரை எண்ணுங்கள். டப்பாவை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பின்வரிசையில் முதலில் சிரிப்பு கிளம்பும், முன்னால் வரும். உச்சியில் இருக்கும்போது பேசினால் காதில் விழாது. முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் அரங்கம் ஆறிவிடும். பாதி இறங்கும்போது அடுத்த சொல்.

அடுத்த சொல் "ஆண்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று இருந்தால், சிரித்த ஆண்கள் கைகட்டிக்கொள்வார்கள். அந்த இடத்தில் ஒரு கணக்கைப் போடுங்கள். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதில் செலவிடுகிறார்கள் (6 வயதுக்கு மேற்பட்டோர் கணக்கு). இதை அப்படியே வாசித்தால் கருத்தரங்கு. "அந்த 88 நிமிசத்துல கடுகு தேடுனது எத்தனை நிமிசம்னு கவர்மென்ட் கணக்கெடுக்கல" என்று சேர்த்தால் உங்கள் பேச்சு. இருபது நிமிடத்தில் இப்படி ஒரு கணக்குதான் வைக்கலாம். இரண்டாவது கணக்கு வந்தாலே கேட்பவர்கள் நோட்டை எடுத்துவிடுவார்கள்.

தமிழில் நகைச்சுவை பேசுகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கிறது, அதைப் பயிற்சியில் யாரும் சொல்லித்தருவதில்லை. நாம் பிறர் பேச்சைச் சொல்லும்போது "ன்னு சொன்னாரு", "ன்னு கேட்டாங்க" பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். "கடுகு எங்கன்னு அடுப்படியிலேருந்து கேட்டாரு" என்றால் சிரிக்கவேண்டிய சொல் நடுவில் புதைந்துபோகிறது. "கேட்டாரு" முடியும்வரை மக்கள் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள், அதற்குள் சிரிப்பு போய்விடுகிறது. வரியைத் திருப்பிப் போடுங்கள். "அடுப்படியிலேருந்து ஒரு குரல்..." என்று முதலில் சொல்லி நிறுத்தி, "ஏம்மா, கடுகு எங்க?" என்று முடியுங்கள். உங்கள் பேச்சு முழுவதையும் எழுதிப் பார்த்து, சிரிக்கவேண்டிய சொல்லுக்குப் பின்னால் எது நின்றாலும் வெட்டிவிடுங்கள். முக்கால்வாசி "ன்னு"கள் போய்விடும்.

இனி திரை. இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 பிக்சலில் நெட்டுக்குத்தாக வரைந்திருப்பீர்கள். அரங்கத் திரை 1920-க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். உயரத்துக்குப் பொருத்தினால் உங்கள் படம் 864 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும், திரையில் பாதிகூட நிரம்பாது. பலூன் எழுத்து கடைசி வரிசைக்கு எறும்பு ஊர்வதாகத் தெரியும். கட்டங்களை வெட்டி அகலவாக்கில் மறுபடி அமையுங்கள். எழுத்து உயரம் 54 பிக்சலுக்குக் குறையவேண்டாம், அதாவது திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. மெல்லிய பேனாக் கோடுகள் பகல் வெளிச்சத்தில் கரைந்துவிடும், கோட்டை இரண்டு மடங்கு தடிமனாக்குங்கள். வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் இரண்டும் பழைய புரொஜெக்டரில் வெள்ளையாகிவிடும். முக்கியமான எதையும் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைக்காதீர்கள். அங்கே முன்வரிசைத் தலைகள் இருக்கும். கடுகு டப்பா கீழே போய்விட்டால் மொத்த உழைப்பும் வீண்.

வசனத்தை டைப் செய்திருந்தால், பழைய எழுத்துரு கல்லூரிக் கணினியில் பூச்சி பூச்சியாக மாறும். எல்லா ஸ்லைடையும் படமாக மாற்றி, பி.டி.எஃப். ஒன்றும் ஜேபெக் கோப்புகளும் பென் டிரைவில், இன்னொரு பிரதி போனில். பல அரங்குகளில் புரொஜெக்டருக்கு இன்னும் வி.ஜி.ஏ. என்ற பழைய வகை வயர்தான், உங்கள் லேப்டாப்பில் அந்தத் துளையே இருக்காது. எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து வி.ஜி.ஏ. மாற்றி ஒன்றைப் பையில் போடுங்கள். பவர்பாயிண்டில் ஆங்கில 'பி' விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும். மறுபடி தட்டினால் படம் வரும். இந்த ஒரு விசையைக் கையாளத் தெரிந்தால் உங்கள் பேச்சு பாதி தேறிவிடும், ஏனென்றால் பேசும்போது பழைய படம் திரையில் கிடந்தால் மக்கள் அதையேதான் பார்ப்பார்கள்.

விளக்கை முழுக்க அணைக்கவிடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் ஆர்வக் கோளாறில் அணைப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். திரைக்கு மேலே உள்ள டியூப் லைட் மட்டும் அணைந்தால் போதும். காலி நாற்காலிகள் இடையில் இருந்தாலும் இதே சிக்கல்தான், 200 பேர் அரங்கில் 60 பேர் சிதறி உட்கார்ந்தால் எந்த நகைச்சுவையும் எடுபடாது. தொடங்கும் முன்பே முன்னால் வரச்சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் பேராசிரியை ஒருவரைச் சொல்லச்சொல்லுங்கள். மாணவிகள் அவர் சொன்னால்தான் எழுந்திருப்பார்கள்.

மைக்கைப் பற்றிப் பெண் பேச்சாளர்கள் முன்கூட்டியே யோசிக்கவேண்டியது கொஞ்சம் அதிகம். காலர் மைக் சட்டைக்காகச் செய்யப்பட்டது. சேலையில் முந்தானையில் மாட்டினால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் உரசல் சத்தம் வரும். ரவிக்கையின் கழுத்தோரத்தில் மாட்டவேண்டும், நீளச் சங்கிலியைக் கழற்றிவிடவேண்டும், ஜிமிக்கியும் பேசும். அதன் பெட்டியைச் செருக இடுப்பில் இடமுண்டு. சுடிதாரில் பாக்கெட்டும் இருக்காது, பெல்டும் இருக்காது, கடைசி நிமிடத்தில் திண்டாட்டம். (இதையே ஒரு கார்ட்டூனாக்கலாம்.) கையில் பிடிக்கும் மைக் என்றால் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, முகவாய்க்கு நேராக, சற்றே சாய்வாக. வாய்க்கு நேரே வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் வெடிக்கும். இடது கையில் மைக், வலது கையில் ரிமோட். குறிப்புத்தாளுக்குக் கை மிச்சமில்லை, ஆகவே குறிப்பு ஓர் அஞ்சலட்டை அளவு தடித்த அட்டையில், போடியத்தின் மேல். ஏ4 தாள் வேண்டாம். விரல் நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் காட்டும். போடியம் உங்கள் தோள்வரை வந்தால் அதன் பின்னால் நிற்காதீர்கள். பேசும் தலை ஒன்றை மட்டும் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, தோளும் கையும் தெரியவேண்டும்.

அந்த மாமியார் வரிக்கு வருவோம். என்ன வரி என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. பூரிக்கட்டை, சேலைக்கடை, மேக்கப், மாமியார்: வார இதழ்த் துணுக்குகள் பல பத்தாண்டுகளாகத் தேய்த்த நாலு தடங்கள். அதில் எந்தத் தடத்தில் கால் வைத்தாலும் அரங்கம் உங்களை விட்டுவிட்டுப் பழைய துணுக்கை நினைத்துச் சிரிக்கும். அது உங்களுக்கு வந்த சிரிப்பு இல்லை. பெண்கள் பக்கம் அமைதியானதற்கும் அதுவே காரணம்; அங்கே மாமியாரும் உட்கார்ந்திருந்தார், மருமகளும் உட்கார்ந்திருந்தார். ஒரு வரியைச் சோதிக்க எளிய வழி உண்டு. பட்டிமன்றத்தில் ஓர் ஆண் பேச்சாளர் அதே வரியைச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்கூட மாற்றாமல் அவருக்கும் பொருந்தினால் அது உங்கள் வரி இல்லை, வெட்டுங்கள்.

மாமியாரையே விடவேண்டியதில்லை. அவருக்கும் கொஞ்சம் அதிகாரம் கொடுங்கள், மருமகளுக்கும் கொஞ்சம் கொடுங்கள். மாமியார் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார், மருமகள் சாம்பார்ப் பொடி அளவு கேட்கிறாள். மூன்று வருடமாக இருவரும் முழுசாகச் சொல்லவில்லை, ஒரு எழுத்து, ஒரு கரண்டி என்று பேரம் நடக்கிறது. இதில் இரண்டு பேருமே கெட்டி. இரண்டு பக்கமும் சிரிக்கும். ஓவியத்தில் நீங்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்பதைக் கோட்டாலேயே முடிவுசெய்கிறீர்கள், புருவம் ஒன்றைத் தூக்கினால் போதும். பேச்சில் அந்தக் காவல் இல்லை. யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் பேச்சு வரிகளில் ஏற்பாட்டைக் கேலி செய்யுங்கள், ஆளை வேண்டாம். மருந்துக்கடையில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் கொடுப்பார்களே, அதில் அந்தக் கவர்தான் நகைச்சுவை. தெருவில் கறுப்புக் கவரோடு போனாலே உள்ளே என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மகளிர் கல்லூரியில் இது கூரையைப் பிய்க்கும். உடல் பருமன், நிறம், குழந்தையின்மை, கணவனை இழந்தவர்கள், 'அடிவாங்குகிற' கணவன் மனைவி – இவை கல்லூரியிலும் வேண்டாம், குழுவிலும் வேண்டாம். சிரித்துவிட்டு வருத்தப்படுகிறவர் அந்த அரங்கில் கட்டாயம் ஒருவராவது இருப்பார்.

மதுரைக் காது வேறு மாதிரி. அமெரிக்கன் கல்லூரி சாலமன் பாப்பையா, தியாகராசர் கல்லூரி ஞானசம்பந்தன் போன்றவர்களைத் திருவிழா மேடையிலும் டிவியிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர். நகைச்சுவை வரப்போகும் இடம் இங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும். அதனால் வேகம் நிதானமாக இருந்தாலும் கேட்பார்கள், ஆனால் பழைய சரக்கை உடனே கண்டுபிடிப்பார்கள். இன்னொரு ஆபத்து: பெண்களைப் பற்றிப் பேசினாலே 'கணவனா மனைவியா' பட்டிமன்றத்தில் ஓர் அணியாக உங்களை உட்காரவைத்துவிட்டு, எதிரணி எங்கே என்று தேடுவார்கள். அந்தப் பெரியவரின் கேள்வி அப்படி வந்ததுதான். அந்த ஒரு கணக்கைச் சொல்லும் இடம் தவிர, "ஆண்கள்", "பெண்கள்" என்ற பன்மையைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு வீடு, ஒரு அடுப்படி, ஒரு டப்பா என்று பேசினால் அணி பிரியாது.

'மதுரையில் மீனாட்சி ஆட்சி' என்று தொடங்க ஆசை வரும். மார்ச் 8-இல் இந்த ஊரில் ஏறும் பேச்சாளர்களில் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள். வேண்டுமென்றால் கணக்கை எடுங்கள்: சித்திரையில் பட்டம் கட்டிக்கொள்ளும் மீனாட்சிக்கு ஆவணி வரை நாலு மாதம் ஆட்சி, ஆவணி மூலத்தில் பட்டமேற்கும் சொக்கருக்கு எட்டு மாதம். "மீனாட்சிக்கே மூனுல ஒரு பங்குதான், நம்ம எம்மாத்திரம்" என்று தினசரிக் காலண்டரைக் கிழித்துக்கொண்டே ஒரு பாட்டி சொல்வதாகப் படம் போடலாம். அம்மனை வரையவேண்டாம், காலண்டரும் பாட்டியும் போதும்.

கேள்வி நேரத்தில் ஒழுங்கு ஒன்றுதான்: கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்கும், உங்களுக்கு ஐந்து விநாடி கிடைக்கும். அந்தப் பெரியவருக்கு, "கட்டாயம் வரையிறேங்கய்யா, நீங்களே ஒன்னு சொல்லுங்க, சொன்னது யாருன்னு போட்டே வரையிறேன்" என்று மைக்கை அவர் பக்கம் நீட்டியிருக்கலாம். பெரும்பாலும் அவர் சொல்வது உங்களுக்கு நல்ல படமாகவே அமையும். கேட்பவர் குத்தலாகக் கேட்டால் மட்டும், கடுகு படத்துக்கு ஏற்கெனவே நன்றாகச் சிரித்திருந்தால் மட்டும், "வரையிறேங்க, அவருக்குக் கடுகு கிடைச்சதும்." வயசானவரிடம் இதைச் சொன்னால் அரங்கம் அவர் பக்கம் சாயும். "பெண்கள் கார்ட்டூன் வரைவார்களா?" என்ற கேள்வியும் வரும். பெங்களூரின் மாயா காமத் (1951–2001) குடும்ப வாழ்க்கைத் தொடரில் தொடங்கி நாளிதழ் அரசியல் கார்ட்டூனுக்குப் போனவர் என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த கையைப் பாருங்கள். பிரசங்கம் வேண்டாம்.

குரல் நடுக்கத்துக்கு ஓவியர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. நடுக்கம் முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் மோசமாக இருக்கும். மேடைக்குப் போனதும் பேசாமல் ஒரு படத்தைப் போட்டுவிடுங்கள். முந்நூறு கண்ணும் திரைக்குப் போய்விடும், நீங்கள் மூச்சை நீளமாக வெளியே விடலாம். மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காதீர்கள், விடுவதில் வையுங்கள். அதன்பின் முதல் இரண்டு வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும், மீதிக்குப் படங்களே குறிப்பு. முழுப்பேச்சையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் தவறியதும் எல்லாம் போகும். வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, போனில் பதிவுசெய்து பழகுங்கள். உட்கார்ந்து முணுமுணுப்பது கணக்கில் சேராது. பேசும் முன் ஐஸ் தண்ணீர் வேண்டாம், பால் காபி தொண்டையில் கோழை கட்டுவதுபோல் இருக்கும். வெறும் தண்ணீர் போதும்.

20 நிமிடம் என்றால் உங்கள் கைக்கு 15, 16 தான் வரும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை எல்லாம் தாமதமாகி, "அஞ்சு நிமிசத்துல முடிச்சுக்கங்க மேடம்" என்று துண்டுச்சீட்டு வரும். சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் ஓடும், ஆகவே மொத்தம் 1,300 சொல், ஒன்பது படம். அதில் மூன்றை நீட்டிப் பேசுங்கள், ஆறு சட்டென்று போகட்டும். ஐந்து நிமிடத்துக்கு எந்த மூன்று என்பதை முன்கூட்டியே அட்டையில் வட்டமிட்டு வையுங்கள். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிப்பது மூன்று நிமிடம் தின்னும். கல்லூரி முதல்வரை ஒரு முறை சொல்லிவிட்டு "அவையோர் எல்லோருக்கும் வணக்கம்" போதும். நடுவில் சிறப்பு விருந்தினர் வந்து பொன்னாடை நடந்தால் திரையைக் கறுப்பாக்கிவிட்டு நீங்களும் கைதட்டுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடராமல், புதுப் படத்தில் தொடங்குங்கள். கரண்ட் போனால் பேச, படமே தேவைப்படாத இரண்டு விஷயம் கையிருப்பில் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து தன் வீட்டுக் கதையைச் சொல்லக்கூடும். பெண்கள் வாழ்க்கையைப் பற்றிச் சிரிக்கப் பேசினால் இது நடக்கும். கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள், படமாக்கலாமா என்று அப்போது கேட்கவே கேட்காதீர்கள். மகளிர் உதவி எண் 181 உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

மேலூர்க் கூட்டத்துக்கு வேறு வழி. திரை இல்லாதது நல்லதுதான், எதிரே வரைந்து காட்டலாம். முழு சார்ட் (22-க்கு 28 அங்குலம்) பத்து, முனை பட்டையாக வெட்டிய ஜம்போ மார்க்கர் கறுப்பில் இரண்டு, சிவப்பில் ஒன்று. வழக்கமான மார்க்கரின் மெல்லிய கோடு இருபது அடிக்கு அப்பால் தெரியாது. எழுத்து இரண்டு அங்குல உயரம். வீட்டிலேயே பென்சிலில் லேசாகக் கோடு போட்டு எடுத்துப்போங்கள், ஆறடி தள்ளி இருப்பவருக்கு அது தெரியாது. அங்கே மார்க்கரில் மேலே இழுத்தால் முப்பது, நாற்பது விநாடியில் படம் முடியும். அதற்கு மேல் முதுகைக் காட்டினால் பேச்சு கிளம்பிவிடும். முகத்தைக் கடைசியில் வரையுங்கள். உடம்பு, சேலை, குடம் எல்லாம் வந்தபின் புருவமும் வாயும் வரும்போதுதான் சிரிப்பு வரவேண்டும். சார்ட்டை நாலு மூலையிலும் கிளிப் போடுங்கள், ஃபேன் காற்றுக்கு மேல்மூலை மட்டும் போதாது. அவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே பலகையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போகவேண்டாம்.

அங்கே கேட்கப்போகிறவர்கள் யார் என்பதை மறந்துவிடாதீர்கள். களஞ்சியம் என்ற சுயஉதவிக் குழுக்களில் வளர்ந்து, அன்றைய பிரதமர் வாஜ்பாயே காலைத் தொட்டு வணங்கிய, 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற சின்னப்பிள்ளை அம்மாள் இந்த மாவட்டத்துக்காரர். வட்டிக் கணக்கும் தவணையும் அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், நக்கலும் அப்படித்தான். அவர்களுக்கு 'விழிப்புணர்வு' கொண்டுபோகிற தொனி ஒரு வரியில் தெரிந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பலூனைக் காலியாக விடுங்கள். ஒரு கணவர், ஒரு மனைவி, இரண்டு படம். முதல் படத்தில் சாதாரண நாள், அவர் பலூனில் "ஒனக்கு என்ன தெரியும்?" இரண்டாவதில் குழுக்கடன் வந்த நாள், அவர் கும்பிட்டு நிற்கிறார், பலூன் காலி. "இப்ப என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டுவிட்டு மார்க்கரோடு நில்லுங்கள். முதலில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பயந்துபோய் நீங்களே எழுதிவிடாதீர்கள். பத்து விநாடி கழித்து மூலையிலிருந்து ஓர் அப்பத்தா, "தலைவியம்மா, சாப்டீங்களா?" என்பார், அதற்குமேல் உங்களுக்கு வேலை எழுதுவது மட்டும்தான். பச்சையாக ஒன்று வந்தால், "இது சார்ட்டுல எடம் பத்தாது, மனசுல வச்சுக்குவோம்" என்று அடுத்த கையைக் காட்டுங்கள். வசனம் கொடுத்தவரின் பெயரைக் கேட்டுப் படத்தில் போடச் சம்மதமா என்று அப்போதே கேளுங்கள். பிற்பாடு இதழில் வந்தால் ஒரு பிரதி அனுப்பவேண்டும். நேரத்தை 25 நிமிடத்துக்குள் வையுங்கள், நூறு நாள் வேலை முடிந்து வந்து மாடு கறக்கப் போகும் இடைவெளியில் வந்திருப்பார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும். கல்லூரியில் பயணப்படியும் மதிப்பூதியமும் உண்டா என்று ஒத்துக்கொள்ளும்போதே கேளுங்கள். சால்வையும் நினைவுப்பரிசும் தந்து முடித்துக்கொள்வது பெண் பேச்சாளர்களுக்கு அதிகம் நடக்கிறது. "படங்களை அனுப்புங்க மேடம், எங்க மலர்ல போட்டுக்கறோம்" என்பது தனி வேலை, தனிக் கட்டணம். அரங்கில் போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதைத் தடுக்க முடியாது. ஆகவே கையெழுத்தைப் படத்தின் ஓரத்தில் போடாதீர்கள், வெட்டிவிடுவார்கள். சேலை மடிப்பிலோ கடுகு டப்பாவின் லேபிளிலோ போடுங்கள்.